ஒரு பிரஷ் வாங்கப் போய்...

கழுத்தில் மூன்று இடத்தில் பேப்பர் துணுக்கு ஒட்டிக்கொண்டு ஆபீசுக்கு வருகிற ஆசாமியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததே இல்லை என்றால், அந்த ஆசாமி நீங்களாகவே இருக்கலாம்!

நான் அப்படி இருந்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிது. எட்டு நாற்பது ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் கன்னத்தில் நாலு இழுப்பு, கழுத்தில் ரெண்டு கீறல். "என்னப்பா, நேத்தைய தலைப்புச் செய்தியை இன்னிக்கு உன் கழுத்துல படிக்க வேண்டியிருக்கு?" என்பார் ஹெட்கிளார்க். செக்ஷனே சிரிக்கும். ரத்தம்கூட பத்து நிமிஷத்தில் நின்றுவிடும். சிரிப்பு மத்தியானம் வரை நிற்காது.

பிளேடை மாற்றினேன். ரெண்டு பிளேடு ரேஸர், மூணு பிளேடு ரேஸர்... எண்ணிக்கை ஏற ஏற எரிச்சலும் ஏறியது. கழுத்து முழுக்க சிவப்புப் பொரி. வீட்டில் பெண் பார்க்கப் போகிற தேதி வேறு குறித்துவிட்டார்கள். "மாப்பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கா?" என்று பெண் வீட்டில் யாராவது கேட்டு வைத்தால்?

தெருமுனை சலூன் அண்ணனிடம் போய்ப் புலம்பினேன். அவர் என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"தம்பி, கோளாறு பிளேடுல இல்ல. நுரையில இருக்கு. நீங்க டப்பாவை அமுக்கி நுரையைப் பூசிட்டு உடனே இழுக்கறீங்க. முடி நனையவே இல்லையே!"

நூற்றுக்கு நூறு உண்மை. காய்ந்த தாடி முரட்டுப் பயல். ரெண்டு மூணு நிமிஷம் தண்ணீரில் ஊறினால் அதே பயல் சாதுவாகிவிடுவான். பிளேடு இழுத்த இழுப்புக்கு வருவான். நுரையின் முக்கியமான வேலை, தண்ணீரை முகத்திலேயே பிடித்து வைப்பது. அதோடு பிளேடு வழுக்கிக்கொண்டு போக வழி செய்வது. பிரஷ்ஷால் சுழற்றித் தேய்க்கும்போது படுத்திருக்கிற முடி எழுந்து நிற்கும், ஒவ்வொரு முடியின் அடிவரை நுரை போகும். விரலால் பூசினால் அது நடக்காது.

அண்ணன் தன் பழைய நைலான் பிரஷ்ஷை எடுத்து, கிண்ணத்தில் நாலு சுற்று சுற்றி என் கன்னத்தில் வைத்தார். கொஞ்சம் குத்தியது. ஆனால் அன்றைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அங்கேயே விட்டிருக்கலாம். விடுவேனா? 'நைலானுக்கே இப்படி என்றால், உசத்தி பிரஷ் எப்படி இருக்கும்!' என்று புத்தி போயிற்று. பேட்ஜர் முடியில் செய்ததுதான் ராஜா பிரஷ் என்று எங்கேயோ படித்திருந்தேன். தீபாவளி போனஸ் பாக்கெட்டில் சூடாக இருந்தது. ஒரு பெரிய கடையில், கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். கைப்பிடியில் 'ப்யூர் பேட்ஜர்' என்று பொன் எழுத்து. ப்யூர் நெய், ப்யூர் சில்க், ப்யூர் பேட்ஜர்! இதற்கு மேல் என்ன வேண்டும்? போனஸில் கால்வாசி காலி.

மறுநாள் காலை பாத்ரூமிலிருந்து அம்மாவின் குரல்.

"டேய், இங்க ஏதோ எலி செத்துக் கிடக்கு. வந்து பாரு!"

எலி இல்லை. என் பிரஷ்தான். (புது பேட்ஜர் பிரஷ் நனைந்தால் மிருக வாடை அடிக்கும். ஷாம்பு போட்டு நாலைந்து தடவை அலசினால் போய்விடும். இதையெல்லாம் கடைக்காரர் சொல்லவில்லை.)

"மிருகத்து ரோமமா? இதை மூஞ்சில தேய்ச்சுக்கவா இத்தனை ரூபா?" என்றாள் அம்மா. "குளிக்காம பூஜை ரூம் பக்கம் வந்தே... தெரியும் சேதி!"

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பேட்ஜர்னா கீரிப்பிள்ளையா?" என்றார்.

கீரி இல்லை. நீர்நாய் குடும்பத்தைச் சேர்ந்த, குட்டைக்கால் பிராணி. சாம்பல் உடம்பு, முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை. பகலில் வளைக்குள் தூக்கம், ராத்திரியில் ஊர்சுற்றல். தமிழில் வளைக்கரடி என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'ப்ளேரோ' என்பார்கள். ஷேவிங் பிரஷ்ஷுக்கும் அவர்கள் பாஷையில் அதே பெயர்தான்! அந்த அளவுக்கு இந்த முடிக்கும் தாடிக்கும் சொந்தம்.

காரணம் இருக்கிறது. பேட்ஜர் முடி நுனியை நோக்கிப் போகப் போக மெலிந்துகொண்டே போகும். அதனால் முகத்தில் படும்போது பட்டு. கற்றைக்குள் முடிகளுக்கு நடுவே தண்ணீரை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். பன்றி முடி பிரஷ் மலிவு. ஆனால் முரடு. ஐந்து நிமிஷமாவது ஊற வைக்க வேண்டும். பழகப் பழகத்தான் நுனி பிளந்து மெதுவாகும். பேட்ஜருக்கு அந்தப் பொறுமை தேவையில்லை.

ஆனால் என் பேட்ஜர் குத்தியது! விசாரித்ததில் வயிறு எரிந்தது. 'ப்யூர்' என்பது பேட்ஜர் ரகங்களிலேயே கடைசி ரகமாம்! அதற்கு மேலே 'பெஸ்ட்'. அதற்கும் மேலே 'சூப்பர்'. எல்லாவற்றுக்கும் உச்சியில் 'சில்வர் டிப்', அதாவது நுனி இயற்கையாகவே வெள்ளிமாதிரி வெளுத்திருக்கும் முடி. ப்யூர் என்றால் 'பேட்ஜர் முடிதான், வேறு எதுவும் கலக்கவில்லை' என்பதோடு சரி. ரயிலில் மூன்றாம் வகுப்புக்கு 'சுத்தமான பெட்டி' என்று பெயர் வைத்த மாதிரி.

இன்னொரு கூத்து. இந்த ரகங்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் பெஸ்ட் இன்னொரு கம்பெனியின் சூப்பர். மட்டமான முடியின் நுனியை ரசாயனத்தில் வெளுத்து வெள்ளி வேஷம் போடுகிறவர்களும் உண்டு. ஆகவே பெயரைப் படித்து வாங்குகிற வேலையே வேண்டாம்.

பின்னே எதைப் பார்ப்பது? நுனியை!

நல்ல பிரஷ்ஷின் குவிந்த தலை கத்தரிக்கோலால் வந்ததல்ல. கிண்ணம் போன்ற ஓர் அச்சில் முடிகளை நுனி கீழே இருக்கும்படி போட்டுத் தட்டுவார்கள். நுனிகள் தானாகக் குவிந்து உட்காரும். அப்படியே அடியில் கட்டி, பிசின் ஊற்றிக் கைப்பிடியில் பொருத்துவார்கள். மட்டமான பிரஷ்ஷில் கற்றையைக் கட்டிவிட்டு மேலே புல் வெட்டுகிற மாதிரி வெட்டிவிடுவார்கள். இயற்கையான மெல்லிய நுனி போச்சு. மிஞ்சுவது மொட்டை முனை. அதுதான் குத்துகிறது. கடையில் காய்ந்த பிரஷ்ஷைக் கன்னத்தில் நேராக வைத்து லேசாக அமுக்கிப் பாருங்கள். ஊசி ஊசியாகக் குத்தினால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும், கன்னம் உங்களுடையது. அப்புறம், கற்றையை மெல்ல விரித்து அடியைப் பாருங்கள். நடுவில் பள்ளமாக, முடி குறைவாக இருந்தால் அதுவும் வேண்டாம். முதல் சில நாள் ஒன்றிரண்டு முடி உதிர்வது சகஜம். மாதக்கணக்கில் உதிர்ந்தால் பிரஷ்ஷுக்கு வழுக்கை என்று அர்த்தம்.

பேட்ஜர் பெயரில் போலி விற்பது இன்று நேற்று வந்த சமாச்சாரமல்ல. ஒரு காலத்தில் அது ஆளையே கொன்றிருக்கிறது. முதல் உலக யுத்தத்தில் விஷவாயுவைத் தடுக்கும் முகமூடி முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டுமே! பட்டாளத்துக்காரர்கள் மழுங்கச் சிரைத்தாக வேண்டும். லட்சக்கணக்கில் பிரஷ் தேவைப்பட்டது. குதிரை முடியை பேட்ஜர் மாதிரி ஜோடித்து, சரியாகக் கிருமி நீக்காமலே பிரஷ் செய்து தள்ளினார்கள். அந்த முடியில் ஒட்டிக்கொண்டு வந்தது ஆந்த்ராக்ஸ். நம்மூர் மாட்டுக்காரர்கள் அடைப்பான் என்கிற அதே நோய். முகத்தில் ஒரு சின்னக் கீறல் போதும், உள்ளே புகுந்துவிடும். 1915-லிருந்து 1924 வரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 200 பேருக்கு மேல் ஷேவிங் பிரஷ் மூலம் இந்த நோய் வந்தது. சிலர் இறந்தே போனார்கள். குண்டுக்குத் தப்பியவனைக் குளியலறையில் பிடித்திருக்கிறது! இப்போது முடியைச் சுத்தம் செய்த பிறகே பிரஷ்ஷுக்கு வருகிறது, பயம் வேண்டாம். ஆனால், 'தாத்தா காலத்துப் புராதன பிரஷ்' என்று யாராவது விற்றால், அலமாரியில் அழகுக்கு வையுங்கள். முகத்துக்கு வேண்டாம்.

என் கதைக்கு வருகிறேன். ரோஷம் வந்துவிட்டது. துபாயில் இருக்கும் மாமா பையன் ஊருக்கு வரும்போது, முழுசாக ஒரு சில்வர் டிப் வாங்கி வரச் சொன்னேன். விலையை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஆகா! பூனைக்குட்டி கன்னத்தில் உரசுகிற சுகம். ஆனால் நுரை? வரவே இல்லை!

காரணம் என் சோப்பு. நான் உபயோகித்தது டப்பாவில் வரும் கெட்டியான வட்ட சோப்பு. பிரஷ் அந்தக் கெட்டி சோப்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். நீளமான, தளதளவென்று சாய்கிற சில்வர் டிப் சோப்பின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறதே தவிர, எதையும் எடுக்கவில்லை. அது ட்யூப் கிரீமுக்கு ஏற்ற ஆள். கெட்டி சோப்புக்கு முதுகெலும்புள்ள பிரஷ் வேண்டும். முடி அடர்த்தியாக, குட்டையாக, கொஞ்சம் விறைப்பாக. அதாவது, நான் திட்டித் தீர்த்த அந்த ப்யூரே இந்த வேலைக்குப் பரவாயில்லை! நடுத்தரமான 'பெஸ்ட்' இன்னும் பொருத்தம்.

எனவே ஸார், கடைக்குப் போகும்முன் வீட்டு சோப்பைப் பாருங்கள். சோப்பா, கிரீமா? கிண்ணத்தில் நுரை கடைகிறவரா, முகத்திலேயே கடைகிறவரா? முகம் என்றால் குட்டை முடி. கிண்ணம் என்றால் கொஞ்சம் நீளமும் மென்மையும் இருக்கலாம். கற்றையின் அடி குறுக்கே 22 மில்லிமீட்டர் சுமார் இருந்தால் நம் முகங்களுக்குச் சரி. பெரிதாக வாங்கினால் மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் நுரை போகும். கைப்பிடி கொம்பா, பிசினா, மரமா என்பதெல்லாம் ஜம்பம். ஈரக்கையில் வழுக்காமல் இருந்தால் போதும்.

இத்தனையும் சரியாக இருந்தும் நுரை வரவில்லையா? போர்வெல் பக்கம் திரும்புங்கள். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து தயிர்த் திப்பி மாதிரி ஆகிவிடும், நுரை ஆகாது. சென்னையில் பாதிப் பேருக்கு இதுதான் வியாதி. பிரஷ்ஷைக் குற்றம் சொல்லாமல் ஒரு டம்ளர் குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முழு ஷேவுக்கும் அது போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் பிரஷ்ஷை ஒரு நிமிஷம் நனைத்து, உதறி, சோப்பில் அரை நிமிஷம் சுற்றி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக் கடைய வேண்டும். கொதிக்கிற தண்ணீர் கூடாது, அடியில் இருக்கும் பிசின் விட்டுப்போகும். முடிந்ததும் அலசி, உதறி, காற்றாட நிற்க வைக்கவும். ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பூஞ்சைதான்.

எனக்கு இதெல்லாம் கைவந்து, கழுத்தும் சுத்தமாகி, (பெண் வீட்டிலும் சம்மதம் சொல்லி!) நிம்மதியாக இருந்தேன். அப்போதுதான் ஒரு செய்தி கண்ணில் பட்டது.

பிரிட்டனில் 1777-லிருந்து பிரஷ் செய்கிற கென்ட் மாதிரிக் கம்பெனிகள் உண்டு. ஆனால் அங்கே பேட்ஜரை அனுமதியில்லாமல் கொல்வது குற்றம். 1992-ல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். நம்மூரில்கூட கீரி முடியில் ஓவிய பிரஷ் செய்வது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்தான். உலக மார்க்கெட்டுக்கு பேட்ஜர் முடி பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. 2018-ல் பீட்டா ஆசியா அமைப்பு அங்குள்ள பேட்ஜர் பண்ணைகளில் எடுத்த படங்களை வெளியிட்டது. சின்னச் சின்னக் கம்பிக் கூண்டுகள். அதற்குள்ளே சுற்றிச் சுற்றி வரும் பிராணிகள். அடித்துக் கொல்வதும் அதில் இருந்தது. அதன் பிறகு சில கம்பெனிகள் பேட்ஜர் பிரஷ் விற்பதையே நிறுத்திவிட்டன.

படத்தைப் பார்த்த மறுநாள் பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன். பூனைக்குட்டி மாதிரி என்று சொன்னேனே, அந்த மென்மை அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது. இருப்பதைத் தூக்கி எறிந்து யாருக்கும் லாபமில்லை என்பதால் தேய்கிறவரை வைத்துக்கொண்டேன். அடுத்து வாங்கியது செயற்கை இழை. பழைய நைலான் மாதிரி இல்லை இது. நுனி மெலிந்து, கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தால் பேட்ஜரா, செயற்கையா என்று சட்டென்று சொல்ல முடியாது. ஊற வைக்க வேண்டாம், சீக்கிரம் காயும், எலி வாடையும் இல்லை. கெட்டி சோப்பைக்கூட எடுக்கிறது. தண்ணீரை மட்டும் பேட்ஜர் அளவுக்குப் பிடித்து வைக்காது. அதற்கு நடுவில் ஒரு தடவை நனைத்துக்கொண்டால் ஆயிற்று. விலையும் பேட்ஜரில் ஒரு பங்குதான்.

போன வாரம் முடி வெட்டப் போனபோது புது பிரஷ்ஷை சலூன் அண்ணனிடம் காட்டினேன். புறங்கையில் தேய்த்துப் பார்த்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"பிரமாதம் தம்பி! கரடி முடியா?"

"இல்லண்ணே. பிளாஸ்டிக்."

அண்ணன் என்னையும், தன் நைலான் பிரஷ்ஷையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்கா துபாய் வரைக்கும் போனீங்க?"