சொந்த நாடே புது நாடு!

அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமங்களில் யாருக்காவது நோய் முற்றிவிட்டால், "வேலூருக்குக் கொண்டு போங்கள்" என்பார்கள். வேலூர் என்றால் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. அதைத் தொடங்கியவர் ஐடா ஸ்கடர் அம்மையார் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவர் அமெரிக்கர் என்பதும் தெரியும்.

ஆனால் அவர் பிறந்தது அமெரிக்காவில் அல்ல. இதோ, பக்கத்தில் இருக்கும் ராணிப்பேட்டையில்! 1870-ம் ஆண்டு டிசம்பர் மாதம் பிறந்தார். சுமார் எட்டு வயதில் பெற்றோர் அவரைச் "சொந்த நாட்டுக்கு" அழைத்துப் போனார்கள். அந்தச் சொந்த நாடு அவருக்கு எப்படி இருந்தது?

மூன்று தலைமுறை

முதலில் குடும்பத்தைப் பார்ப்போம். பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பல் ஏறினார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்தார். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய மகன்களில் ஏழு பேர் இந்தியாவில் மிஷன் ஊழியம் செய்தார்கள். மூத்தவர் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் 1853-ல் ஆர்க்காடு மிஷனைத் தொடங்கினார். தந்தையின் பெயரையே கொண்ட இன்னொரு மகன் ஜான். அவருக்குப் பிறந்தவர்தான் ஐடா. வீட்டில் ஒரே பெண். உடன் பிறந்தவர்கள் ஐந்து ஆண் பிள்ளைகள்.

அந்த நாளில் மிஷன் குடும்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவார்கள். பெற்றோர் இங்கே, பிள்ளை அங்கே. கடிதம் போய்ச் சேர வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் ஆகும். ஊழியத்தைப் போற்றி எழுதியவர்கள் பலர். பிள்ளைகளின் பக்கத்திலிருந்து எழுதியவர்கள் குறைவு.

பஞ்சமும் பண்ணையும்

1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. ஆர்க்காட்டுச் சீமையிலும் ஜனங்கள் பட்டினியால் மடிந்தார்கள். எலும்பும் தோலுமாக வந்து நின்ற குழந்தைகளுக்குச் சிறுமி ஐடா தன் கையாலேயே ரொட்டித் துண்டுகளைக் கொடுத்திருக்கிறாள். கொடுத்த குழந்தைக்கும் வாங்கிய குழந்தைக்கும் ஏறக்குறைய ஒரே வயது!

தந்தையின் உடல்நலம் கெட்டது. குடும்பம் அமெரிக்காவுக்குத் திரும்பியது. நெப்ராஸ்கா மாநிலத்தில் கிரெஸ்டன் என்ற ஊரில் ஒரு பண்ணை. கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. கோடையில் மக்காச்சோளம், குளிர்காலத்தில் உறைபனி. வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்பு அந்தக் குளிரைப் பழக வேண்டியிருந்தது. இங்கே துரைமார் பங்களாவில் எடுபிடிக்கு ஆள் இருக்கும். அங்கே மாடு கன்று முதல் அடுப்பு வரை வீட்டார்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதைக்கூடப் பழகிவிடலாம். ரொட்டிக்கு ஏந்திய கைகளை நினைத்துக்கொண்டு, வயிறார உண்ணும் பிள்ளைகளின் நடுவே உட்காருவது எப்படி? அந்தப் பிள்ளைகளிடம் அதை எப்படிச் சொல்வது?

மீண்டும் பிரிவு

ஊர் பழகி வந்த நேரத்தில் தந்தை இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார். பின்னர் தாயும் புறப்பட்டார். சிக்காகோ நகரில், பெரியப்பா ஹென்றி வீட்டில் ஐடா விடப்பட்டாள். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண். அழுது தீர்த்தாள். பெரியப்பாவும் 1887-ல் ஜப்பானுக்குப் போய்விட்டார்! மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்த்ஃபீல்டு பள்ளி விடுதிதான் பிறகு அவளுக்கு வீடு.

அப்போது அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்: "இந்தியாவும் வேண்டாம், மிஷனும் வேண்டாம்." மற்ற அமெரிக்கப் பெண்களைப் போல் வாழ்ந்தால் போதும் என்று நினைத்தாள். குற்றம் சொல்ல முடியுமா? தாயையும் தந்தையையும் அவளிடமிருந்து பிரித்தது இந்தியாதானே.

1890-ல் தாய்க்கு நோய் என்று கேட்டுத் திண்டிவனத்துக்கு வந்தார். சில காலம் இருந்து திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம். ஆண் வைத்தியரை அனுமதிக்காத வீடுகளில் ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள் இறந்த கதை இந்தப் பக்கத்து மக்களுக்கு மனப்பாடம். அந்த இரவு அவர் மனத்தை மாற்றியது. 1899-ல் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூருக்கு வந்தார். 1902-ல் ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

எந்த ஊர் பிள்ளை?

1950-களில் ரூத் யூசீம் என்ற அமெரிக்க அம்மையார், சமூகவியல் பேராசிரியர், கணவரோடும் மூன்று மகன்களோடும் இந்தியாவுக்கு வந்தார். இங்கே வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தார். பெற்றோரின் நாடும் முழுச் சொந்தம் இல்லை, வளர்ந்த நாடும் முழுச் சொந்தம் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளை "மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்" என்றார்.

ஊர் திரும்பும் பிள்ளையின் தொல்லை விசித்திரமானது. அந்நியன் தவறு செய்தால், "பாவம், தெரியாது" என்று விட்டுவிடுவார்கள். இவனோ நிறத்திலும் பேச்சிலும் உள்ளூர்க்காரன். விளையாட்டு தெரியாது, பாட்டு தெரியாது, கடையில் காசு எண்ணத் தெரியாது என்றால் சிரிப்பார்கள். "உனக்கு எந்த ஊர்?" என்ற சாதாரணக் கேள்விக்கே பதில் சொல்லத் திணறுவான்.

அமெரிக்காவில் வளர்ந்த நம் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது பார்க்கவில்லையா? ஆம்பூரில் தைத்த செருப்பு கடல் கடந்தாலும் அங்குள்ள காலுக்குச் சரியாகப் பொருந்துகிறது. அதே கடலைத் தாண்டி வரும் பேரன், பாட்டி வீட்டில் இலை போட்டுச் சாப்பிடத் தடுமாறுகிறான். "என்னடா, தமிழ்ப் பிள்ளைதானே நீ?" என்று உறவினர் கேலி செய்கிறார்கள்.

பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பாமல் இருக்க மிஷன் குடும்பங்களும் ஒரு வழி கண்டன. 1901-ல் கொடைக்கானலில் அவர்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கியது. இன்று அது பல நாட்டுப் பிள்ளைகளும் படிக்கும் சர்வதேசப் பள்ளி. ஐடாவின் சிறு வயதில் அப்படி ஒன்று இல்லை.

எழுபது வயதைத் தாண்டிய பிறகும் ஐடா அம்மையார் ஆஸ்பத்திரிக்காக அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று பணம் திரட்டினார். வேலை முடிந்ததும் வேலூருக்குத் திரும்பிவிட்டார். 1960-ம் ஆண்டு மே மாதம் கொடைக்கானலில், தம் வீட்டில், 89 வயதில் காலமானார்.