உங்களுக்குத் தெரியுமா? சாவடியில் ஒரு தொழுமரம்

விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்துச் சிற்றூர்களில் பாதிரியாரும் தேவாலய எழுத்தரும் கான்ஸ்டபிளும் ஊரைப் பார்த்துக்கொண்டார்கள். அதே காலத்தில் தென்னார்க்காடு ஜில்லாவின் திண்டிவனம், விழுப்புரம் தாலுக்கா கிராமங்களில் கிராம முன்சீப், கணக்கெழுதும் கர்ணம், காவல் பார்க்கும் தலையாரி, வெட்டியான். பெரும்பாலும் அப்பனுக்குப் பின் மகன்.

முன்சீப் வரி வசூலிப்பவர் மட்டுமல்ல, குட்டி நீதிபதியும்கூட. 1816ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 ரூபாய் வரையிலான வழக்குகளை அவரே தீர்க்கலாம். வாய்ச்சண்டை, சில்லறை அடிதடி என்றால் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்துவைக்கலாம். ‘தாழ்ந்த சாதி’ என்று சட்டம் முத்திரை குத்தியவர்களுக்கு மட்டும் இன்னொன்றும் உண்டு: தொழுமரம். இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள துளைகளில் கால்களை மாட்டிப் பூட்டி, 6 மணி நேரம் வரை உட்காரவைக்கலாம். இங்கிலாந்திலும் இந்தக் கட்டை இருந்தது. அங்கே குடிகாரர்கள் மாட்டினார்கள். இங்கேதான் சாதி பார்த்துப் பூட்டினார்கள், அதுவும் அச்சிட்ட சட்டத்தின் பேரில்!

முன்சீப், கர்ணம் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. எதிர்த்துப் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982இல் அரசின் பக்கமே தீர்ப்பானது. இன்று சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் நாம் தேடிப்போகும் வி.ஏ.ஓ., அவர்களுக்குப் பதிலாக வந்தவர்தான்.