"போர்டு போச்சு" என்றால் உடனே நம்பலாமா?



நம் கூட்டமைப்பு அலுவலகங்களில் இருக்கிற கம்ப்யூட்டர் பெரும்பாலும் பத்து, பதினைந்து வருடப் பழசு. அது நின்றுபோனால் ஆட்டோவில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோகிறோம். கடையில் "மதர்போர்டு போச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழுப் பணத்திலிருந்து ஆயிரக்கணக்கில் எடுத்து வைக்கிறோம். நிஜமாகவே போனதா என்று கேட்க நமக்குத் தெரிய வேண்டாமா?

இது நம் மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. 2001-இல் மேலூர் பகுதியில் 'சாரி' என்ற திட்டத்தில் கிராமங்களில் இன்டர்நெட் மையங்கள் திறந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய கம்பியில்லா இணைப்பு அது. பெண்கள் நடத்திய மையங்களும் இருந்தன. அங்கிருந்தே அரவிந்த் கண் மருத்துவமனையிடம் ஆலோசனை கேட்டார்கள். சில வருடத்தில் பல மையங்கள் மூடிவிட்டன. வருமானம் பற்றாதது ஒரு காரணம். பழுது வந்தால் பார்க்கத் தொடர்ந்து ஆள் இல்லாதது இன்னொன்று.

சரி, விஷயத்துக்கு வருவோம். மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு போல வட்டமான பேட்டரி ஒன்று இருக்கும். சி.ஆர். 2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்திலும் தேதி, மணியை ஓட வைப்பது இதுதான். சில வருடத்தில் தீர்ந்துபோகும். சாயந்திரம் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மறுநாள் போட்டால் 2009 என்றோ 2010 என்றோ தேதி காட்டும். பேங்க் பக்கத்தைத் திறந்தால் 'பாதுகாப்பு இல்லை' என்று வரும். அதைக்கூட விடுங்க, அந்தத் தேதியிலேயே கடன் வசூலைப் பதிந்தால் வட்டிக் கணக்கே தப்பாகிவிடும். ஆடிட்டில் யார் பதில் சொல்வது?

புதுப் பேட்டரிக்கு ஒரு டஜன் வாழைப்பழ விலைதான் ஆகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, கூட்டல் குறி மேலே தெரிகிற மாதிரி மாற்றுங்கள்.

மாற்றிய பிறகும் விண்டோஸ் வராமல் நீலத்திரையில் நிற்கலாம். பயப்படாதீங்க. பேட்டரி தீர்ந்தபோது போர்டின் செட்டிங்குகளும் மாறியிருக்கும். ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப் 2 பட்டனைத் தட்டினால் பயாஸ் திரை வரும். முதலில் தேதியைச் சரிசெய்யுங்கள். பிறகு 'சாட்டா மோட்' என்ற இடத்தில் ஐ.டி.இ. என்றிருந்தால் ஏ.ஹெச்.சி.ஐ. என்றும், அது இருந்தால் இது என்றும் மாற்றி, எஃப் 10 அழுத்திச் சேமித்துப் பாருங்கள். வரவில்லையா, பழையபடி மாற்றிவிடுங்கள். மற்றதில் கை வைக்க வேண்டாம். நன்றாக ஓடும்போதே இந்தத் திரைகளைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை.

அடுத்தது திரை. ஒன்றுமே தெரியவில்லை என்றால் முதலில் மானிட்டர் ஒயரைப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிற பெட்டியில் ஒயர் சொருக இரண்டு இடம் இருக்கும். கார்டில்தான் சொருக வேண்டும். பெட்டியைத் துடைத்துவிட்டு மாற்றிச் சொருகியிருப்போம், அவ்வளவுதான்.

எழுத்து மட்டும் பெரிசு பெரிசாகத் தெரிந்தால் டிரைவர் இல்லை என்று அர்த்தம். டிரைவர் என்றால் விண்டோஸ் பேசுவதைத் திரைக்கு எடுத்துச் சொல்கிற மொழிபெயர்ப்பாளர் மாதிரி. 'டிவைஸ் மேனேஜரில்' மஞ்சள் குறி இருக்கிறதா பாருங்கள். போர்டில் அச்சிட்ட மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் மட்டும் இறக்குங்கள். 'எல்லா டிரைவரும் இலவசம்' என்று வரும் விளம்பரங்களைத் தொடாதீங்க.

இன்டெல் 945 வகைப் பழைய போர்டில் விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்திருந்தால் தேடிப் பயனில்லை. அதன் கிராஃபிக்ஸுக்கு இன்டெல் விண்டோஸ் 7 வரைதான் டிரைவர் வெளியிட்டது. அந்த 7-க்கு 2020 ஜனவரியிலும், 10-க்கு 2025 அக்டோபரிலும் பொதுவான பாதுகாப்பு அப்டேட் முடிந்துவிட்டது. சி-டாக் தரும் பாஸ் லினக்ஸ் இலவசம். இந்தப் போர்டின் டிரைவர் லினக்ஸிலேயே உண்டு. ஆனால் நம் கணக்கு சாஃப்ட்வேர் அதில் ஓடுமா என்று கேட்டுக்கொண்டு போடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், ஓடும் நிலையில் இருக்கும்போதே கணக்குக் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்து அலுவலக பீரோவில் வைத்துவிடுங்கள். கடை ரசீதில் 'கேட்காமல் ஃபார்மேட் செய்யக் கூடாது' என்று எழுதி வாங்குங்கள். பழைய பாகத்தை மாற்றினால் அதையும் கையோடு திருப்பிக் கேளுங்கள்.