உப்புத் தண்ணீர் போடும் துளை

மரக்காணம் உப்பளத்தை ஒட்டி வீடு கட்டியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஜன்னல் கம்பி, கேட் கீல், சைக்கிள் செயின் என்று பட்டியல் நீளும். உப்புக் காற்று எதையும் விடுவதில்லை. திண்டிவனத்தில் அசையாமல் நிற்கிற கேட், கடலோரம் போனதும் செதில் செதிலாக உதிர ஆரம்பிக்கும்.

அந்த அரிப்பை ஒரே புள்ளியில் நிறுத்தி, மின்சாரத்தைக் கொடுத்து விரட்டினால் அதுவே துளை போடும் கருவி. ரஷ்யாவில் குசெவ் என்பவர் 1929இலேயே இதற்குக் காப்புரிமை கேட்டார். துளை போட வேண்டிய உலோகம் நேர்மின்முனை, கருவி எதிர்மின்முனை. நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் உப்புக் கரைசல் பாய்ந்து ஓடும். மின்னழுத்தம் பெரும்பாலும் லாரி பேட்டரியைத் தாண்டாது. கணக்கு ஃபாரடே சொன்னதுதான்: ஓர் ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 1 கிராம் இரும்பு கரையும். கருவி உலோகத்தைத் தொடுவதே இல்லை, தேய்வதும் இல்லை. உலோகம் எவ்வளவு கடினம் என்பதும் பொருட்டில்லை.

குறை என்னவென்றால், ஆமை வேகம்.

லேசர் அதற்கு நேரெதிர். கண்ணிமைப்பதற்குள் துளைத்துவிடும், ஆனால் உருக்கித்தான் துளைக்கும். விழுப்புரத்தில் எந்த வெல்டிங் பட்டறை வாசலிலும் தெறித்து ஒட்டிக்கொண்ட உலோகத் துளிகளைப் பார்க்கலாம். லேசர் துளையின் உட்சுவரிலும் அப்படித்தான் உருகியது மறுபடி உறைந்து தோலாகப் படியும். அதில் நுண்ணிய விரிசல்கள் விழும். விமான எஞ்சினின் டர்பைன் பிளேடில் இது ஆபத்து. அங்கே அடிக்கிற வாயுவின் வெப்பம் பிளேடு உலோகத்தின் உருகுநிலையையே தாண்டும். பிளேடெங்கும் உள்ள சிறு துளைகள் வழியே காற்று கசிந்து போர்வையாக மூடுவதால்தான் அது பிழைத்திருக்கிறது. துளை ஓரத்து விரிசல் வளர்ந்தால் பிளேடே போய்விடும்.

ஆகவே இரண்டையும் சேர்த்தார்கள். லேசர் துளைக்கும், அது விட்ட தோலையும் பிசிறையும் உப்புக் கரைசல் கூடவே கரைத்துக் கொண்டுபோகும். கிளாஸ்கோவில் நடந்த ஆய்வுகளில் லேசருக்குத் துளைக்கும் வேலைகூட இல்லை. குறிப்பிட்ட இடத்தைச் சற்றுச் சூடாக்கும், அவ்வளவுதான். சூடான இடம் வேகமாகக் கரையும்.

வேடிக்கை இனிமேல்தான். நனைந்துகொண்டே இருக்கும் இடத்துக்கு ஒளி எப்படிப் போய்ச் சேரும்? தண்ணீருக்குள்ளேயே போகும். பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, தண்ணீர் பீய்ச்சும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து லேசர் பேனாவை அடித்துப் பாருங்கள். தாரை வளைந்து விழ, ஒளியும் அதற்குள்ளேயே முட்டி முட்டி வளைந்து இறங்கும். கீழே கை நீட்டினால் உள்ளங்கையில் ஒளிப்புள்ளி. ஜெனிவாவில் கொலாடன் 1841 வாக்கில் காட்டிய வித்தை இது. இன்று ஆய்வகங்களில் மின்முனைக் குழாய்க்குள் ஓடும் கரைசலே ஒளிக்கும் பாதை. அதிலும் பச்சை லேசர்தான் தோது. அகச்சிவப்பைத் தண்ணீர் வழியிலேயே குடித்துவிடும். சாதாரண உப்பிலும் வேலை நடக்கும் என்றாலும், துல்லியம் வேண்டுமானால் சோடியம் நைட்ரேட்டுக்குப் போகிறார்கள்.

காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்துக் கடற்கரையில் உலோகங்களை வெயிலிலும் உப்புக் காற்றிலும் காயப்போட்டு, துருவைத் தடுக்கும் வழியை ஆராய்ந்தது. தடுப்பதும் ஏவிவிடுவதும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள். நம் ஊரில் முதல் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு மூடிவிடுகிறோம்.

இந்தத் துளைக்கு ஒரு வாலும் உண்டு: சேறு. கரைந்தது ஒரு கரண்டி உலோகம் என்றால் வெளியே வருவது வாளிக் கணக்கு. நிக்கல், குரோமியம் எல்லாம் அதில் இருக்கும். நைட்ரேட் கரைசலில் குரோமியம் நச்சு வடிவத்துக்கே மாறக்கூடும். வடிகட்டி, பிரித்து, பத்திரப்படுத்தினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. சாக்கடையில் விட்டால் செலவு மிச்சம் என்று நினைப்பவர்கள், ராணிப்பேட்டையில் எப்போதோ மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவு மேட்டை ஒருமுறை போய்ப் பார்த்து வரலாம். விழுப்புரத்திலிருந்து பாதி நாள் பயணம்கூட இல்லை.