ஜமுக்காளம் வாங்கப் போகிறீர்களா?

ஜமுக்காளம் எடுக்கும்போது நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஓரத்தில் தொங்கும் நூல் ஒன்றைக் கேட்டு வாங்கி, கடைக்கு வெளியே வந்து கொளுத்திப் பாருங்கள். பருத்தியென்றால் காகிதம் எரிந்த வாடை வரும். சாம்பல் தொட்டதும் உதிரும். பாலியெஸ்டரோ, உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான உருண்டையாகிவிடும்.

சாரல் அடிக்கும் திண்ணைக்குச் செயற்கை விரிப்பு போதும். சீக்கிரம் காயும், விலையும் குறைவு. உட்காரவும் படுக்கவும் பருத்திதான். வியர்வையை உறிஞ்சும், கோடையில் முதுகில் ஒட்டாது. ஈரத்தோடு மடித்தால் மட்டும் பூஞ்சணம் பிடிக்கும்.

புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமுக்காளம், முரட்டு நூலில் கைத்தறியில் நெய்யப்படுவது. அதே பெயரில் விசைத்தறி விரிப்புகளும் விற்கப்படுகின்றன. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.