முட்டுச்சந்துகள்

நகரம் பெருகும்போது தெருக்களும் பெருகுகின்றன; ஆனால் ஒன்றோடொன்று கூடுவதில்லை. இதை அளக்கப் பெரிய கணிதமெல்லாம் வேண்டாம். நாற்சந்தி எத்தனை, முச்சந்தி எத்தனை, முட்டுச்சந்து எத்தனை என்று எண்ணினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இருவர் 2015இல் அமெரிக்காவையும் 2020இல் உலகத்தையும் ஏறக்குறைய இப்படித்தான் எண்ணினார்கள். அமெரிக்காவில் 1930களில் வீட்டுக்கடனுக்குக் காப்புறுதி தந்த அரசு நிறுவனமே முட்டுச்சந்தைச் சிபாரிசு செய்தது. அங்கே புதுத் தெருக்களின் துண்டிப்பு 1994 வாக்கில் உச்சம் தொட்டு இறங்கியது. உலகின் பல பகுதிகளிலோ 1975க்குப் பிறகு ஏறியது.

மதுரையில் 1840களில் கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்த இடத்தில் வெளி வீதிகள் வந்தன. மதில் தெருவானது. இன்று புறநகரில் நான் பார்ப்பது நேர் எதிர். பிளாட் போடுகிறவர் தன் நிலத்தோடு தெருவை முடித்துக்கொள்கிறார், பக்கத்து நிலத்துக்காரரும் அப்படியே. நடுவில் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மளிகைக்கடைக்கு மெயின் ரோடு போய்ச் சுத்தி வரணும். வண்டியில்லாதவங்க என்ன பண்ணுவாங்க என்று கேட்டால், 'பாதுகாப்பு சார்' என்கிறார்கள். வீட்டை இடித்துக் கட்டலாம். மனைகள் விற்றுப்போனபின் தெருவை நீட்டுவது லேசில்லை.

இந்த எண்ணிக்கைக்கு ஒரு குருட்டுத்தனம் உண்டு: வழி யாருக்கு அடைபடுகிறது என்று அது கேட்பதில்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 கலவரத்துக்குப் பின் எழுந்த சுவர் தலித்துகளின் வழியை மறித்தது. 2008 மே மாதம்தான் அதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. வரைபடத்தில் அதுவும் வெறும் முட்டுச்சந்து. 'பாதுகாப்பு' என்கிறவர்களிடம், யாரிடமிருந்து என்று நான் திரும்பக் கேட்பது இதனால்தான்.