குறியீடும் பொருளும்

நுழையும்முன்

சொல்லுக்குப் பொருள் தேடுவது தமிழர்க்குப் பழக்கமான செயல். நிகண்டும் அகராதியும் அதற்காகவே தோன்றின. இன்று சொல்லின் இடத்தில் எண் அமர்ந்திருக்கிறது. ஏட்டின் இடத்தில் கணினியின் அட்டவணைத்தாள் விரிந்திருக்கிறது. ஓர் எண்ணுக்கு உரிய பொருளை மற்றொரு தாளிலிருந்து பிழையின்றிப் பெறும் முறையைச் சின்ன காஞ்சிபுரத்தின் வாழ்வோடு பொருத்தி விளக்குகிறது இப்பாடம்.

பெயரும் எண்ணும்

வரதராசப் பெருமாள் கோவிலும் பட்டுத் தறிகளும் சின்ன காஞ்சிபுரத்தின் இரு அடையாளங்கள். இவ்விரண்டிலும் குறியீட்டு எண்ணின் தேவை காணப்படுகிறது.

மயில்கண், குயில்கண், உருத்திராட்சம், வைரஊசி எனப் பட்டுச் சேலையின் வடிவங்களுக்கு அழகிய பெயர்கள் உண்டு. ஆயினும் ஒரே பெயரை ஒருவர் சேர்த்தும் மற்றொருவர் பிரித்தும் எழுதுவர். மனிதர் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை; கணினியோ இரண்டையும் வேறு வேறு சொற்களாகவே கொள்ளும். எனவே ஒவ்வொரு வடிவத்திற்கும் ஓர் எண் தரப்படுகிறது.

கோவில் கல்வெட்டுகளுக்கும் எண்கள் உண்டு. இந்தியத் தொல்லியல் துறையினர் கல்வெட்டுகளைப் படியெடுத்து, ஊர், மன்னர், மொழி, செய்திச் சுருக்கம் ஆகியவற்றை எண் வரிசைப்படி ஆண்டறிக்கைகளில் பதிப்பித்தனர். வரதராசப் பெருமாள் கோவில் கல்வெட்டுகளும் அவ்வறிக்கைகளில் இடம்பெற்றுள்ளன. ஆய்வாளர் ஒருவர் எண்ணை மட்டும் குறிப்பிட்டாலே அறிக்கையைப் புரட்டி அதன் விவரத்தை அறியலாம்.

நிகண்டிலிருந்து அகராதிக்கு

திவாகரம் முதலிய நிகண்டுகள் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் எனச் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்தன. அவற்றை மனப்பாடம் செய்தவர்க்கே தேடல் எளிதாயிற்று. 1732இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி, சொற்களை அகர வரிசையில் நிறுத்தியது. வரிசை தெரிந்த எவரும் நூலின் நடுவே திறந்து, முன்னோ பின்னோ நகர்ந்து சொல்லைக் கண்டடைய முடிந்தது. தேடும் முறையை அடுக்கும் முறையே தீர்மானிக்கிறது என்னும் இவ்வுண்மை கணினிக்கும் பொருந்தும்.

1979இல் டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் ஆகிய இருவரும் உருவாக்கிய விசிகால்க், தனிமேசைக் கணினிக்கான முதல் அட்டவணைச் செயலியாகப் புகழ்பெற்றது. இன்று எக்செல், லிபர்ஆபீஸ் கால்க் முதலியன பரவலாகப் பயன்படுகின்றன.

இரு தாள்களை இணைத்தல்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்கை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதல் தாளில் நெசவாளரின் உறுப்பினர் எண்ணும், அவர் நெய்து ஒப்படைத்த சேலையின் வடிவ எண்ணும் உள்ளன. இரண்டாம் தாளில் வடிவ எண், வடிவத்தின் பெயர், நெசவுக் கூலி என மூன்று நெடுவரிசைகள் உள்ளன. முதல் தாளில் ஒவ்வொரு சேலைக்கும் நேராகப் பெயரும் கூலியும் வரவேண்டும்.

காஞ்சிப் பட்டின் சிறப்புகளுள் ஒன்று கோர்வை நெசவு. சேலையின் உடலையும் இரு கரைகளையும் மூன்று நாடாக்களால் தனித்தனியே நெய்து, ஊடை இழைகளை ஒன்றோடொன்று பின்னிக் கோப்பர். கோத்த இடம் உறுதியாக இருப்பதே சேலைக்கு வலிமை. இரு தாள்கள் கோக்கப்படும் இடம் வடிவ எண்ணாகும்.

இப்பணியைச் செய்யும் செயற்கூறு வீலுக்கப் எனப்படும். செங்குத்தாகத் தேடு என்பது அதன் பொருள். அதற்கு நான்கு செய்திகளைத் தரவேண்டும். எதைத் தேடுவது என்பது முதலாவது. எந்தப் பட்டியலில் தேடுவது என்பது இரண்டாவது. எத்தனையாவது நெடுவரிசையில் உள்ளதைக் கொணர்வது என்பது மூன்றாவது. பொருத்தம் துல்லியமாக இருக்கவேண்டுமா, தோராயமாக இருக்கலாமா என்பது நான்காவது. பட்டியலின் முதல் நெடுவரிசையிலேயே இச்செயற்கூறு தேடும். ஆதலால் வடிவ எண் அங்கு இருத்தல் வேண்டும்.

வாய்பாட்டைக் கீழுள்ள நுண்ணறைகளுக்குப் படியெடுக்கும்போது பட்டியலின் எல்லையும் உடன் நகர்ந்துவிடும். மேலே உள்ள வடிவங்கள் தேடலிலிருந்து விடுபடும். இதனைத் தவிர்க்க எல்லையின் முகவரியை டாலர் குறியிட்டு நிலைப்படுத்த வேண்டும்.

தோராயம் விளைவிக்கும் தீங்கு

நான்காவது செய்தியைத் தராமல் விட்டால், செயற்கூறு தோராயப் பொருத்தத்தையே மேற்கொள்ளும். பட்டியல் ஏறுவரிசையில் உள்ளது என நம்பி, தேடிய எண் இல்லாதபோது அதற்குக் குறைந்த எண்களுள் பெரியதைத் தெரிவு செய்யும்.

பட்டியலில் 101, 102, 103, 105 ஆகிய வடிவ எண்கள் உள்ளன எனக் கொள்வோம். புதிய வடிவமான 104 இன்னும் சேர்க்கப்படவில்லை. அதனை நெய்தவரின் கணக்கில் தோராயப் பொருத்தம் 103ஆம் வடிவத்தின் கூலியை இட்டுவிடும். புதிய வடிவம் கூடுதல் உழைப்பைக் கோருவதாயின் நெசவாளரின் பல நாள் உழைப்பில் ஒரு பகுதிக்கு ஊதியம் கிடைக்காது. நுண்ணறையில் ஓர் எண் ஒழுங்காக நிற்பதால் பிழை நிகழ்ந்ததை எவரும் உணரார்.

துல்லியப் பொருத்தம் கேட்டிருந்தால் கிடைக்கவில்லை என்னும் அறிவிப்புத் தோன்றியிருக்கும். அவ்வறிவிப்பு குறையன்று, பட்டியலைத் திருத்துக என்னும் நினைவூட்டலே ஆகும். அதனை மறைத்துச் சுழியம் இடுவது கூலியையே மறைப்பதாகும்.

எனினும் தோராயப் பொருத்தம் பயனற்றதன்று. மதிப்பெண்ணைக் கொண்டு தரநிலை வழங்குவது போன்று, எல்லைகளுக்கு இடைப்பட்ட மதிப்புகளைத் தேடும் பணிக்கு அதுவே ஏற்றது.

தெரிந்து தெளிவோம்

உலக வணிகத்தில் பொருள்களைக் குறிக்கும் ஒத்திசைந்த குறியீட்டு முறை 1988 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் சரக்கு மற்றும் சேவை வரிக்கும் இம்முறையே அடிப்படை. அதில் 50ஆம் அத்தியாயம் பட்டுக்கு உரியது.
5001 – பட்டு நூற்கத்தக்க கூடுகள்
5002 – முறுக்கேற்றாத கச்சாப் பட்டு
5007 – பட்டு நெசவுத் துணி
5407 – செயற்கை இழை நூலால் நெய்த துணி
5605 – சரிகை முதலிய உலோகம் சேர்ந்த நூல்
இப்பட்டியலில் 5407 இல்லாதிருக்க, அதனைத் தோராயமாகத் தேடினால் 5007இன் விளக்கமே விடையாக வரும். செயற்கை இழைத் துணி, தாளில் பட்டாகிவிடும். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டுக்கு இத்தகைய மயக்கம் ஊறு விளைவிக்கும்.

ஒன்றுபோல் தோன்றுபவை

எண் சரியாக இருந்தும் சில வேளைகளில் விடை கிடைப்பதில்லை. ஒரு தாளில் 5007 எண்ணாகவும் மற்றொன்றில் எழுத்தாகவும் பதிவாகியிருப்பது அதற்கு ஒரு காரணம். தனியே மாற்றியமைக்காதவரை, எண் நுண்ணறையின் வலப்புறமும் எழுத்து இடப்புறமும் நிற்கும்; இதனைக் கொண்டே வேறுபாட்டை அறியலாம். எழுத்தாகப் பதிவான குறியீட்டின் இறுதியில் கண்ணுக்குப் புலப்படாத இடைவெளி ஒட்டியிருப்பது மற்றொரு காரணம். டிரிம் என்னும் செயற்கூறு அதனை நீக்கும்.

இஞ்சி, மஞ்சள் முதலியவற்றைக் குறிக்கும் 0910 என்பதை எண்ணாக உள்ளிட்டால் முன்னுள்ள சுழியம் மறைந்து 910 ஆகிவிடும். குறியீடு கூட்டிக் கழிப்பதற்குரிய எண்ணன்று. எண் வடிவில் அமைந்த பெயர். ஆகவே அதனை எழுத்தாகவே பதிதல் நன்று.

ஒரே குறியீடு இருமுறை வந்தால் செயற்கூறு முதலில் கண்டதையே தரும். கல்வெட்டு அறிக்கைகளில் ஒவ்வோர் ஆண்டும் வரிசை எண் புதிதாகத் தொடங்கும். 50ஆம் எண் பல ஆண்டுகளில் உண்டு. ஆய்வாளர்கள் எண்ணோடு ஆண்டையும் சேர்த்தே குறிப்பிடுவது இதனால்தான். அட்டவணைத்தாளிலும் ஆண்டையும் எண்ணையும் இணைத்து ஒரே குறியீடாக்கினால் குழப்பம் நேராது.

சரிபார்த்தல்

வாய்பாடு நிறைவுற்றதும் பணி முடிந்ததாகக் கருதலாகாது. பட்டியலின் தொடக்கம், நடு, இறுதி ஆகிய இடங்களிலிருந்து சில எண்களைத் தெரிந்து, விடைகளை மூலப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பட்டியலில் இல்லாத எண் ஒன்றை வேண்டுமென்றே உள்ளிட்டு, கிடைக்கவில்லை என்னும் அறிவிப்பு வருகிறதா என்று பார்த்தலும் வேண்டும். இச்சிறு சோதனைக்குச் செலவாகும் சில நிமிடங்கள், தறியில் அமர்ந்து உழைத்தவரின் கூலியைக் காக்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளி நூலகத்தின் நூல்களுக்குக் குறியீட்டு எண் வழங்கி, நூற்பெயர், ஆசிரியர் பெயர் கொண்ட பட்டியலை அட்டவணைத்தாளில் உருவாக்குக. நூல் வழங்கும் பதிவேட்டை அதனுடன் இணைக்க.
2. உங்கள் ஊர்த் தொழில் ஒன்றில் வழங்கும் பொருட்பெயர்களைத் திரட்டி, ஒரே பொருளுக்கு வழங்கும் வெவ்வேறு பெயர்களை ஒரு குறியீட்டின்கீழ்த் தொகுக்க.